மூன்று ஆல்டர்னேட்டரும் ஒரு லைஃப்டைம் வாரண்டியும்

கேள்வி:

அண்ணா, வணக்கம். டெக்சாஸ், பிளேனோவில் இருக்கிறோம். எங்களுடையது 2008 ஹோண்டா ஒடிசி. மூன்று வருடத்துக்கு முன், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போனது. பெரிய பார்ட்ஸ் கடை ஒன்றில் லைஃப்டைம் வாரண்டி உள்ளதாகப் பார்த்து வாங்கி, வெளி மெக்கானிக் ஒருவரிடம் மாட்டினேன். ஒரு வருடத்துக்குள் போய்விட்டது. கடையில் பேசாமல் வேறு கொடுத்தார்கள், ஆனால் மெக்கானிக்குக்கு மறுபடி 250 டாலர். அதுவும் போனது, மறுபடி இலவச ஆல்டர்னேட்டர், மறுபடி 250. இப்போது மூன்றாவதிலும் பேட்டரி லைட் விட்டு விட்டு எரிகிறது. கழற்றிக் கொண்டுபோனால் அவர்கள் மெஷினில் போட்டு 'பாஸ்' என்கிறார்கள், மாற்றித் தர மாட்டார்களாம். லேபர் காசை அவர்களிடம் வாங்க வழி இருக்கிறதா? சட்டம் ஏதாவது உண்டா? பேசாமல் ஹோண்டா டீலரிடமே வாங்கியிருக்க வேண்டுமோ? (குளிர் காலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு முனகல் சத்தமும் வருகிறது, பழைய வண்டி என்று விட்டுவிட்டேன்.) இன்னொன்று, மனைவியின் கரோலாவுக்கு பிரேக் பேட் மாற்ற வேண்டும். அதிலும் லைஃப்டைம் வாரண்டி பேட் இருக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்:

தம்பி, வாரண்டி, சட்டம் எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ஸ்டீயரிங் முனகல், என்னைக் கேட்டால் உங்கள் ஆல்டர்னேட்டர் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒடிசியின் அந்த 3.5 லிட்டர் வி6 எஞ்சினில் பவர் ஸ்டீயரிங் பம்ப் மேலே இருக்கும், ஆல்டர்னேட்டர் அதற்கு நேர் கீழே. பம்ப்பில் எண்ணெய்க் குழாய் வந்து சேரும் இடத்தில் சின்னதாக ஒரு ரப்பர் ஓ-ரிங் உண்டு. எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து அது கல் மாதிரி இறுகிவிடும். அப்புறம் எஞ்சின் ஓடும்போது அந்த இடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும், நீங்கள் கேட்கும் முனகல் அதுதான், ரிசர்வாயர் மூடியைத் திறந்தால் எண்ணெயில் நுரையும் தெரியும். அதே இடுக்கு வழியாக எண்ணெய் வெளியேயும் கசியும், கசிந்து நேராக ஆல்டர்னேட்டர் மேல் சொட்டும். ஆல்டர்னேட்டர் மூடிய டப்பா இல்லை, சூடு தணியக் காற்று போக வேண்டும் என்று சுற்றிலும் துளை விட்டுத்தான் செய்கிறார்கள். எண்ணெய் உள்ளே இறங்கி, மின்சாரம் கடத்தும் கரித்துண்டான பிரஷ் தேய்ந்து உதிரும் தூளோடு குழைந்து, அது உரசும் ஸ்லிப் ரிங் என்ற வளையத்தில் பசையாக ஒட்டிக்கொள்ளும். பிரஷ் சரியாகத் தொடாது. சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. பேட்டரி லைட் விட்டு விட்டு எரிவதற்கு இது ஒன்றே போதும்.

இந்த வகை ஒடிசியிலும், இதே எஞ்சின் உள்ள மற்ற ஹோண்டாக்களிலும் இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பழகிப்போன கசிவு. ஓ-ரிங் விலை சில டாலர்தான், மாற்றுவதும் சின்ன வேலை. அதை மாற்றாமல் எந்தக் கம்பெனி ஆல்டர்னேட்டரை மாட்டினாலும் அதற்கும் இதே கதிதான். இன்று சாயங்காலமே ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பம்ப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஈரமும் அழுக்கும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். மறுபடி ஈரமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஓ-ரிங் மாற்றும்போது எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தால் ஹோண்டாவுக்கான பவர் ஸ்டீயரிங் எண்ணெயையே ஊற்றச் சொல்லுங்கள், கையில் கிடைத்ததை ஊற்றினால் ரப்பர் எல்லாம் மறுபடி கெடும்.

சரி, கடையில் 'பாஸ்' என்று சொன்னது. உங்களுக்குக் கோபம் வந்திருக்கும், நியாயம்தான், ஆனால் இதில் இரண்டு பக்கமும் உண்மை இருக்க முடியும். கடை மெஷினில் ஆல்டர்னேட்டரைக் கழற்றி வைத்து, குளிர்ந்த நிலையில், கொஞ்ச நேரம்தான் சுற்றிப் பார்ப்பார்கள். சூடேறிய பிறகு மட்டும் தகராறு செய்கிற ரெகுலேட்டரோ (வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) டயோடோ (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது) அதில் மாட்டாமல் தப்பிவிடும். அதனால் ஒரு தடவை பாஸ் ஆனதோடு விடாதீர்கள், நாலைந்து தடவை தொடர்ந்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கவுண்டரில் நிற்கும் பையனுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை, மரியாதையாகக் கேட்டால் செய்வார். அதைவிட நல்லது, கழற்றாமல் வண்டியிலேயே டெஸ்ட் செய்வது. அரை மணி நேரம் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துங்கள், இந்தச் செயின் கடைகள் பெரும்பாலும் வண்டியில் வைத்தே இலவசமாகப் பார்த்துத் தருவார்கள். ரிசல்ட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோண்டாவில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. மின்சார லோடு குறைவாக இருக்கும்போது கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரை அடக்கி வைக்கும், எஞ்சின் மீது சுமை குறைந்து பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று. அந்த நேரத்தில் மீட்டர் வைத்தால் 12.5 வோல்ட் பக்கம்கூடக் காட்டும், அது கோளாறு இல்லை. தெரியாத ஆள் அதைப் பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டர் காலி என்பார். ஹெட்லைட்டையும் ஏசி பிளோயரையும் முழுசாகப் போட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்போது 13.5-க்கும் 14.7-க்கும் நடுவில் வந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. உங்கள் முந்தைய இரண்டில் ஒன்றாவது நன்றாக இருந்தும் இப்படிக் கழற்றப்பட்டிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆல்டர்னேட்டர் நன்றாகவே இருந்து வயரில் கோளாறு இருந்தாலும் லைட் எரியும். இதைக் கண்டுபிடிக்க 20 டாலர் மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஓட, லைட்டும் பிளோயரும் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய வயர் இறங்கும் போல்ட்டிலும் இன்னொன்றை பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகாமல் ஜாக்கிரதை. 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரிலோ கனெக்‌ஷனிலோ துரு இருக்கிறது. அதே மாதிரி ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பாருங்கள், அங்கே இன்னும் குறைவாக இருக்க வேண்டும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான், ஆல்டர்னேட்டர் புதுசாக இருந்தும் சரியாகச் சுற்றாது.

பேட்டரியையும் விடாதீர்கள். எஞ்சினை நிறுத்தி ஒரு ராத்திரி விட்ட பிறகு 12.6 வோல்ட் இருந்தால் அது நிறைந்த பேட்டரி. 12.2-க்குக் கீழே விழுகிற பேட்டரியை ஜம்ப் ஸ்டார்ட் செய்து, ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொள்ளும் என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் ஓடிச் சூடாகி வேகும். ரீமேன், அதாவது பழையதைப் புதுப்பித்து விற்கும் ஆல்டர்னேட்டர் பெட்டிக்குள் பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டு மாட்டவும் என்று பல கம்பெனிகள் ஒரு சீட்டு வைக்கின்றன, யாரும் படிப்பதில்லை. அந்த மெக்கானிக் மூன்று தடவை மாட்டினாரே, ஒரு தடவையாவது இது ஏன் போகிறது என்று பார்த்தாரா? எனக்கு உண்மையிலேயே வருத்தம் அவர் மேல்தான். ஒரே பார்ட் இரண்டாவது தடவை போனால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேட வேண்டும், அதுதான் எங்கள் வேலை. இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் தேடாமல் விடுகிறார்கள். லைஃப்டைம் வாரண்டியால் வருகிற பெரிய கெடுதல் இதுதான், பார்ட் சும்மா கிடைப்பதால் யாரும் நோயைப் பார்ப்பதில்லை.

இப்போது வாரண்டிக்கு வருவோம். ஆட்டோசோனின் டூராலாஸ்ட், ஓரைலியின் அல்டிமா, அட்வான்ஸின் கார்குவெஸ்ட், இவையெல்லாம் கடைகளின் சொந்தப் பெயர்கள், அவர்கள் தொழிற்சாலை வைத்துச் செய்வதில்லை. லைஃப்டைம் வாரண்டியோடு வரும் ஆல்டர்னேட்டர்கள் பெரும்பாலும் ரீமேன், அதாவது பழையதைப் பிரித்துக் கழுவி பேரிங், பிரஷ், ரெகுலேட்டர் மாற்றி, காயில் நன்றாக இருந்தால் அதையே வைத்து மூடியது. வாங்கும்போது கோர் என்று தனியாகக் காசு பிடித்து, பழையதைக் கொடுத்ததும் திருப்பித் தருகிறார்களே, அந்தப் பழையதுதான் மறுபடி சுற்றுக்குப் போகிறது. மாற்றித் தரும்போது உங்கள் கைக்கு வருவதும் அதே மாதிரி இன்னொன்றுதான். கடைக்கு இதில் ஆகும் செலவு நீங்கள் கொடுத்த விலையைவிட மிகக் குறைவு. பாதிப் பேர் பில்லைத் தொலைத்துவிடுவார்கள், வண்டியை விற்றுவிடுவார்கள். அதனால்தான் இவ்வளவு தாராளமாக லைஃப்டைம் என்று எழுத முடிகிறது. மோசடி என்று சொல்ல மாட்டேன், எழுதியதைச் செய்கிறார்கள். ஆனால் எழுதியிருப்பது என்ன என்பதை வாங்கும்போதே படிக்க வேண்டும்.

வழக்கமாக எழுதியிருப்பது இது: முதலில் வாங்கியவருக்கு மட்டும், முதலில் மாட்டிய வண்டிக்கு மட்டும், அந்த வண்டி அவரிடம் இருக்கும் வரை. பார்ட்டுக்குப் பார்ட். லேபர் கிடையாது, டோ செலவு கிடையாது, வாடகை வண்டி கிடையாது. டாக்சி, டெலிவரி மாதிரி தொழிலுக்கு ஓடினால் பெரும்பாலும் கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள், எண்ணெயில் ஊறிக் கெட்டது, தவறாக மாட்டிக் கெட்டது என்றால் மறுக்க அவர்களுக்கு எழுத்தில் இடம் உண்டு. அதனால் கசிவை முதலில் சரி செய்யாமல் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

சட்டம் கேட்டீர்கள். இருக்கிறது, 1975-ல் வந்த மேக்னசன் மாஸ் வாரண்டி சட்டம், அமெரிக்கா முழுமைக்கும் பொருந்தும். 10 டாலருக்கு மேல் விலையுள்ள பொருளுக்கு எழுத்தில் வாரண்டி கொடுத்தால் அது முழு வாரண்டியா லிமிடெட் வாரண்டியா என்று தெளிவாகப் போட வேண்டும், 15 டாலருக்கு மேல் என்றால் வாங்கும் முன்பே படித்துப் பார்க்கக் கொடுக்க வேண்டும். முழு வாரண்டி என்றால், நியாயமான தடவை சரி செய்தும் சரியாகாவிட்டால் பணத்தைத் திருப்பு, இல்லை வேறு கொடு என்று நாம் கேட்க முடியும். உங்கள் பில்லைப் பாருங்கள், நிச்சயமாக லிமிடெட் லைஃப்டைம் என்றுதான் இருக்கும். லிமிடெட் என்றால் எழுதியதற்கு மேல் லேபர் கேட்பது கஷ்டம். டெக்சாஸில் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை சின்ன வழக்குப் போடலாம், ஆனால் எண்ணெய் கசிவு என்று அவர்கள் ஒரு போட்டோவைக் காட்டினால் உங்கள் வழக்கு அங்கேயே உட்கார்ந்துவிடும். 500 டாலருக்காக அலைய வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

வழக்கை விட மேனேஜரிடம் பேசுவது பலன் தரும். கூட்டம் இல்லாத வார நாள் காலையில் போங்கள். மூன்று பில்லையும் மேஜையில் வைத்து, எனக்கு நாலாவது ரீமேன் வேண்டாம், இதன் விலையைக் கழித்துக்கொண்டு புதிதாகச் செய்த ஆல்டர்னேட்டர் கொடுங்கள், வித்தியாசத்தை நான் கட்டுகிறேன் என்று கேளுங்கள். ஸ்டோர் மேனேஜருக்கு இதைச் செய்ய பெரும்பாலும் அதிகாரம் உண்டு, இரண்டு தடவை மாற்றிக் கொடுத்த கணக்கு அவர் ஸ்கிரீனிலேயே தெரியும். பில் மங்கிப் போயிருந்தாலும் கவலை வேண்டாம், வாங்கும்போது கொடுத்த போன் நம்பரை வைத்துத் தேடுவார்கள். உங்கள் நம்பரில் ஒரு தடவை, வீட்டம்மா நம்பரில் ஒரு தடவை என்று கொடுத்திருந்தால்தான் சிக்கல். இனிமேல் ஒரே நம்பர், பில்லை வாங்கிய அன்றே போட்டோ. அந்த சூடு பட்டால் மங்குகிற காகிதத்தை நம்பி கிளவ் பாக்ஸில் போட்டு வைக்காதீர்கள்.

கழற்றினால் வண்டி ஓடாதே, பழையதை எப்படிக் கொண்டுபோவது என்ற தலைவலிக்கும் வழி உண்டு. முழு விலை கொடுத்துப் புதியதை முதலில் வாங்கி மாட்டிவிட்டு, பழையதைக் கொண்டுபோய் டெஸ்ட் செய்து காசைத் திரும்ப வாங்கிக்கொள்ள நிறைய கடைகள் விடுகின்றன. மாட்டுவதற்கு முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

லேபர் விஷயத்தில் நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. பார்ட்டை நீங்கள் வாங்கிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் கொடுத்தால், போனதும் லேபர் உங்கள் தலையில்தான் விழும். நானும் வாடிக்கையாளர் கொண்டு வரும் பார்ட்டுக்கு லேபர் வாரண்டி கொடுப்பதில்லை, நான் தேர்ந்தெடுக்காத பார்ட்டுக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது? மெக்கானிக்கையே பார்ட் வாங்கி மாட்டச் சொல்லுங்கள். 50, 80 டாலர் அவர் லாபம் வைப்பார், வைக்கட்டும். போனால் அவர்தான் மறுபடி கழற்ற வேண்டும். கடைகளில் மெக்கானிக்குகளுக்குத் தனிக் கணக்கு உண்டு, பார்ட் சரியில்லாமல் போனால் அந்தக் கணக்கு வழியாக லேபருக்கும் ஒரு பகுதி கேட்டு வாங்க அவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. நாபா ஆட்டோகேர் பெயர் போட்ட ஒர்க்‌ஷாப்களில் வேலை செய்தால் பார்ட்டும் லேபரும் சேர்த்து 24 மாதம் அல்லது 24,000 மைல் வாரண்டி, வேறு மாநிலத்தில் வண்டி நின்றாலும் அங்கே உள்ள ஆட்டோகேர் கடையில் செல்லும். லேபர் சேர்ந்த இந்த இரண்டு வருடம், லேபர் இல்லாத ஆயுசு முழுசைவிட எனக்கு ஒரு படி மேல்.

டீலரிடம் வாங்கியிருக்க வேண்டுமா என்றால், கசிவு இருந்த வரை அதுவும் போயிருக்கும், காசுதான் அதிகம் போயிருக்கும். ஹோண்டா டீலரிடமும் ரீமேன் விற்கிறார்கள். வித்தியாசம் யார் ரீமேன் செய்தார்கள் என்பதில் இருக்கிறது, டென்சோ மாதிரி முதலில் செய்த கம்பெனிகளே ரீமேன் செய்து விற்பதை நான் நம்பி மாட்டுவேன், வாரண்டி வருடம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன்: வண்டியோடு வந்த ஒரிஜினல் ஆல்டர்னேட்டர் போனால் அவசரப்பட்டு அதைக் கோராகக் கொடுத்துவிடாதீர்கள். ஆட்டோ எலெக்ட்ரிக் என்று போர்டு போட்ட, ஆல்டர்னேட்டர் ரீபில்ட் செய்யும் கடைகள் பெரிய ஊர்களில் இன்னும் இருக்கின்றன. உங்கள் ஒரிஜினலையே பிரஷ், பேரிங் மாற்றி வாங்கிக்கொள்வது பல நேரம் எல்லாவற்றிலும் நல்ல வழி.

கடைசியாக கரோலா பிரேக் பேட். வாரண்டியைப் பார்த்துப் பேட் வாங்காதீர்கள். பேட் என்பது தேய்வதற்காகவே செய்தது, தேய்மானம் சேராது என்று வாரண்டியில் பெரும்பாலும் எழுதியிருக்கும். சில கவுண்டரில் தேய்ந்ததையும் மாற்றித் தருவார்கள், தந்தால் சந்தோஷம், ஆனால் அதை நம்பி வாங்க முடியாது.

பேட்டின் ஓரத்தில் ஒரு வரி அச்சடித்திருப்பார்கள், அதன் முடிவில் இரண்டு எழுத்து இருக்கும், EE, FF, GG என்ற மாதிரி. முதல் எழுத்து குளிர்ந்த நிலையில் பிடிமானம், இரண்டாவது சூட்டில். E என்றால் உராய்வு எண் 0.25-லிருந்து 0.35, F என்றால் 0.35-லிருந்து 0.45. FF போட்ட செராமிக் பேட், கிளிப்பும் ஷிம்மும் (சத்தம் குறைக்கும் மெல்லிய தகடு) பெட்டியோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள், தினசரி ஓட்டத்துக்குத் தாராளம். EE பக்கம் போகாதீர்கள். பேட்டை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் ஸ்லைடு பின்களைத் துடைத்து பிரேக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள், நிறைய பேட் ஒரு பக்கமாகத் தேய்வது இதை விட்டுவிடுவதால்தான். நீங்களே மாற்றப் பார்த்தால் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளும் டூலைச் செயின் கடைகளில் டெபாசிட் கட்டி எடுத்துவரலாம், திருப்பிக் கொடுத்ததும் முழுப் பணமும் வந்துவிடும்.

முதலில் ஒடிசியைப் பாருங்கள். பம்ப்பின் அடிப்பக்கப் போட்டோ, லைட்டும் பிளோயரும் போட்டு எடுத்த வோல்ட், ஒரு ராத்திரி நின்ற பேட்டரியின் வோல்ட், இந்த மூன்றையும் அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு நாலாவது ஆல்டர்னேட்டர் தேவையா இல்லையா என்று சொல்கிறேன். அதுவரை கழற்ற வேண்டாம்.